சம்பளம் செலவு, மெஷின் சொத்து: கம்பெனிக் கணக்கில் ஊழியர் எந்த வரியில் இருக்கிறார்?

2026 ஜனவரியில் ஐடி கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் வந்தபோது பலருக்கும் ஒரு விஷயம் பிடிபடவில்லை. டிசிஎஸ் நிறுவனத்தின் வருமானம் கூடியிருந்தது, லாபம் மட்டும் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 14 சதவீதம் சரிந்திருந்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் பெரியது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். அதற்கென்று மட்டும் 2,128 கோடி ரூபாயை ஒரே காலாண்டில் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். இன்ஃபோசிஸ் 1,289 கோடி.

இத்தனைக்கும் அந்தக் காலாண்டில் வேலையில் தொடர்ந்த ஊழியரின் வங்கிக் கணக்கில் இந்தச் சட்டத்துக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட விழவில்லை. அப்படியென்றால் இரண்டாயிரம் கோடி எங்கே போனது? எங்கும் போகவில்லை, கம்பெனிக்குள்தான் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஊழியர் உட்கார்ந்திருக்கும் இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடம் எது என்று புரிந்துகொண்டால், "எங்கள் ஊழியர்களே எங்கள் சொத்து" என்று ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுகிற அதே கம்பெனி, அடுத்த காலாண்டில் ஏன் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை: மூன்று இடங்கள், ஒரு காலி நாற்காலி

கம்பெனிக் கணக்கில் இரண்டு முக்கியமான தாள்கள் உண்டு. லாப நட்டக் கணக்கு இந்த வருடம் என்ன வந்தது, என்ன போனது என்று சொல்லும். இருப்புநிலைக் குறிப்பு, அதாவது பேலன்ஸ் ஷீட், இன்றைய தேதிக்குக் கம்பெனியிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லும். ஊழியர் இந்த இரண்டிலும் வருகிறார்.

1. செலவாக. மாதச் சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, பயிற்சி எல்லாம் லாப நட்டக் கணக்கில் ஊழியர் நலச் செலவு என்ற வரியில் விழும். ஐடி கம்பெனியில் இருப்பதிலேயே பெரிய செலவு இதுதான்.

2. பாக்கியாக. நீங்கள் ஏற்கெனவே வேலை செய்து முடித்துவிட்டீர்கள், ஆனால் பணம் பிறகுதான் வரும் என்றால், அது கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை), எடுக்காத விடுப்புக்கான பணம் இரண்டும் இந்த வகை. பேலன்ஸ் ஷீட்டில் கடன்கள் இருக்கும் பக்கத்தில் வரும்.

3. வேறு பெயரில். ஒப்பந்தத் தொழிலாளர், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டெலிவரி ஆட்கள் பெரும்பாலும் ஊழியர் செலவில் வரவே மாட்டார்கள். இதர செலவுகள் என்ற மூட்டைக்குள், கரண்ட் பில்லுக்கும் வாடகைக்கும் பக்கத்தில் இருப்பார்கள்.

நான்காவது இடம் சொத்துப் பத்தி. மேடையில் பேசும்போது தலைவர் ஊழியரை உட்கார வைக்கும் நாற்காலி அதுதான். கணக்கில் அது காலி.

அந்த 2,128 கோடி எப்படி வந்தது

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை இவற்றுக்குள் அடக்கியிருக்கிறார்கள். நம் கேள்விக்கு முக்கியமானது இதில் ஒரே ஒரு வார்த்தையின் விளக்கம்: ஊதியம் என்றால் என்ன?

இந்தியாவில் சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேசிக் சின்னதாக இருக்கும், அதற்குக் கீழே வீட்டு வாடகைப் படி, பயணப் படி, இன்னும் வாயில் நுழையாத பெயரில் நாலைந்து படிகள். கிராஜுவிட்டி பேசிக்கையும் பஞ்சப்படியையும் வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. தனியார் நிறுவனங்களில் பலவற்றில் பஞ்சப்படியே கிடையாது. ஆகவே பேசிக்கைச் சின்னதாக வைத்தால் பாக்கியும் சின்னதாகிவிடும். யாரும் ஏமாற்றவில்லை, சட்டம் விட்ட இடைவெளியில் எல்லாரும் நுழைந்துகொண்டார்கள்.

புதிய விளக்கப்படி, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மறுபடி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஒருவருக்கு மாதம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் பேசிக் 15,000, மீதி 35,000 படிகள். பாதி என்பது 25,000. படிகள் அதை 10,000 தாண்டுகின்றன. அந்தப் பத்தாயிரமும் சேர்ந்து அவர் ஊதியம் 25,000 ஆகிறது.

இப்போது கிராஜுவிட்டி. வருடத்துக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு:

பழைய கணக்கு: 15,000 × 15 ÷ 26 × 10 = 86,538 ரூபாய்.

புதிய கணக்கு: 25,000 × 15 ÷ 26 × 10 = 1,44,231 ரூபாய்.

வித்தியாசம் கிட்டத்தட்ட 57,700. ஒரு ஆளுக்கு இவ்வளவு. சில லட்சம் பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பத்து வருடமும் ஏற்கெனவே முடிந்துபோன காலம் என்பதால், கடந்த கால வேலைக்கான கூடுதல் பாக்கியைத் தவணை போட்டுக் காட்டக் கணக்கியல் விதி அனுமதிப்பதில்லை. உடனே, மொத்தமாக ஏற்ற வேண்டும். லாபம் ஒரே காலாண்டில் குழிந்தது அதனால்தான். பணம் நீங்கள் வேலையை விடும்போதோ ஓய்வு பெறும்போதோ வரும்.

இதே தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு. ஊதியம் கூடினால் பி.எஃப். பிடித்தமும் கூடி, கையில் வரும் சம்பளம் குறைந்துவிடுமோ என்ற பயம் பரவலாக இருந்தது. பி.எஃப். பிடித்தம் சட்ட வரம்பான 15,000 ரூபாய் ஊதியத்தின் மேல்தான் என்றால் குறையத் தேவையில்லை என்று தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் தந்துவிட்டது.

ஏன் சொத்து இல்லை?

கோயம்புத்தூரில் ஒரு பட்டறை முதலாளி 40 லட்சத்துக்கு ஒரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் இயக்கும் கடைசல் மெஷின்) வாங்குகிறார். பத்து வருடம் ஓடும் என்று கணக்கு. அந்த 40 லட்சம் வாங்கிய அன்றே செலவாகிவிடாது. சொத்தாக நிற்கும், வருடத்துக்கு நாலு லட்சம் தேய்மானம் கழியும். அதே வருடம் அந்த மெஷினை ஓட்ட ஒரு பையனைச் சேர்த்து, இரண்டு லட்சம் செலவழித்துப் பயிற்சி தருகிறார். அந்த இரண்டு லட்சமும் அந்த வருடமே செலவு. அவர் பதினைந்து வருடம் அங்கேயே இருந்து, மெஷின் சத்தத்தைக் கேட்டே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்கிற அளவுக்குத் தேறினாலும், அந்தத் திறமைக்குக் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.

விதி எளிமையானது. ஒன்றைச் சொத்து என்று எழுத, அதிலிருந்து வரப்போகும் பலன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மெஷின் இரவோடு இரவாக ராஜினாமா செய்யாது, ஆள் செய்வார். தொட்டறிய முடியாத சொத்துகளுக்கான சர்வதேசத் தரநிலை 38, அதை ஒட்டிய நம் இந்தியத் தரநிலை 38 இரண்டுமே இதை வெளிப்படையாகச் சொல்கின்றன: திறமையான ஊழியர் குழு இருக்கலாம், பயிற்சியால் பலனும் வரலாம், ஆனால் அந்தப் பலன் மீது நிறுவனத்துக்குப் போதுமான கட்டுப்பாடு இல்லை, அதனால் பொதுவாகச் சொத்தாகாது.

இந்த விதியில் தப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். விளைவுகள்தான் மோசம். இரண்டு சொல்லலாம்.

1. பயிற்சியை வெட்டினால் இந்த வருட லாபம் கூடும். நஷ்டம் மூன்று வருடம் கழித்து வேறு யாரோ மேனேஜராக இருக்கும்போது தெரியும். மெஷினைத் துருப்பிடிக்க விட்டால் சொத்து மதிப்பில் அடி தெரியும், ஆள் துருப்பிடித்தால் எந்தப் பத்தியிலும் தெரியாது.

2. ஆளை அனுப்பும் செலவு ஒரு முறைக் கணக்கு, அனுப்பியதால் வரும் மிச்சம் வருடா வருடக் கணக்கு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், கிட்டத்தட்ட 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது, பெரும்பாலும் நடு மட்ட, மேல் மட்ட ஆட்கள். அடுத்து வந்த செப்டம்பர் காலாண்டில் மறுசீரமைப்புச் செலவு என்று 1,135 கோடியைத் தனி வரியாகக் காட்டினார்கள். இப்படித் தனி வரியில் வருவதை "இது வழக்கமானது இல்லை" என்று ஒதுக்கிவிட்டுத்தான் சந்தை ஆய்வாளர்கள் லாப விகிதத்தைப் பேசுவார்கள். இருபது வருட அனுபவத்தோடு வெளியே போனவர்களால் என்ன இழப்பு என்பதற்கு வரியே கிடையாது.

ஆளைச் சொத்தாக எழுதிய இடங்கள்

கால்பந்து கிளப்புகள் எழுதுகின்றன. 2017ல் பாரிஸ் கிளப் நெய்மரை 22.2 கோடி யூரோ கொடுத்து பார்சிலோனாவிடமிருந்து எடுத்தது. ஐந்து வருட ஒப்பந்தம். இப்படி ஒரு தொகையைக் கிளப் சொத்தாக எழுதி, ஒப்பந்த வருடங்களால் வகுத்துக் கழிக்கும், நெய்மர் கணக்கில் வருடத்துக்கு 4.44 கோடி. இங்கே கட்டுப்பாடு இருக்கிறது, ஒப்பந்தம் முடியும் வரை அவர் வேறு கிளப்பில் ஆட முடியாது. ஒப்பந்தத்தை ஏழு, எட்டு வருடமாக நீட்டினால் வருடாந்திரக் கழிவு குறையுமே என்று சில கிளப்புகள் கண்டுபிடித்ததும், 2023ல் ஐரோப்பியக் கால்பந்து சங்கம், ஒப்பந்தம் எத்தனை வருடமானாலும் தொகையை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குத்தான் பிரித்துக் கழிக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கிளப்பே எட்டு வயதிலிருந்து வளர்த்த பையனுக்குக் கொள்முதல் விலை இல்லை, ஆகவே புத்தக மதிப்பும் இல்லாத மாதிரிதான். அவனை விற்றால் வருகிற பணம் ஏறக்குறைய முழுதும் லாபம். வெளியிலிருந்து வாங்கியவனை விற்றால் புத்தகத்தில் மீதியிருக்கும் மதிப்பைக் கழித்த பிறகுதான் லாபம். கணக்கு நெருக்கடி வந்தால் சொந்தப் பிள்ளையை முதலில் விற்கத் தோன்றும்படி புத்தகமே தூண்டுகிறது.

நம்மவர்கள் சரித்திரத்திலும் இதற்கு ஒரு இருண்ட முன்னோடி உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி கூட்டிப்போன தமிழ்க் கூலிகள் மீது கடன் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு கும்பல் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், புதிய தோட்டம் அந்தக் கடனை அடைக்க வேண்டும். இன்ன தொகை கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஆள் மாறுவதற்கு விலை இருந்தது, அந்த விலை ஆளுக்குக் கிடைக்கவில்லை. 1921ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அமெரிக்கத் தென் மாநிலத் தோட்ட முதலாளிகள் அடிமைகளின் பெயருக்கு நேரே வருடா வருடம் விலை மதிப்பு எழுதி வைத்திருந்தார்கள், மாட்டுக்கும் கருவிக்கும் எழுதிய அதே புத்தகத்தில். ஆக, சொத்து என்று கூப்பிடப்படுவது அப்படியொன்றும் பாராட்டு இல்லை. கட்டுப்பாடு இருந்த இடத்தில்தான் ஆள் சொத்தாகியிருக்கிறார்.

கட்டிப்போடாமலே மதிப்பிட முடியுமா என்று முயன்றவர்களும் உண்டு. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆர்.ஜி. பாரி என்ற காலணி நிறுவனம், ஊழியரைத் தேடிச் சேர்க்கவும் பழக்கவும் ஆன செலவைச் சொத்தாகக் காட்டி உள் கணக்கு போட்டது. 1971ல் பாரூக் லெவ், அபா ஸ்வார்ட்ஸ் என்ற இருவர் வேறு வழி சொன்னார்கள்: ஒருவர் ஓய்வு பெறும் வரை சம்பாதிக்கப்போகும் சம்பளத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்து கூட்டினால் அதுதான் அவர் மதிப்பு. பெல் எனும் பாரத மிகுமின் நிறுவனமும், பிறகு இன்ஃபோசிஸும் இந்த முறையில் மனிதவள மதிப்பை ஆண்டறிக்கையில் கூடுதல் தகவலாகப் பல வருடம் போட்டன.

முறையில் ஒரு ஓட்டை பளிச்சென்று தெரியும். நீங்கள் வாங்கும் சம்பளமே உங்கள் மதிப்பு என்றால், குறைவாகச் சம்பளம் வாங்கி நிறைய வேலை செய்பவர் மதிப்பில்லாதவர், மூன்று மணிக்கு மேல் சீட்டில் இல்லாத பெரிய அதிகாரி மாணிக்கம். நடுவில் வேலையை விட்டுப் போகும் வாய்ப்பையும் அந்தக் கணக்கு பார்க்கவில்லை.

ஐடியில் மதிப்பின் அலகு: பில்லிங் நாள்

புத்தகத்தில் மதிப்பு இல்லாததால், ஒவ்வொரு தொழிலும் தனக்கென்று ஒரு அளவுகோலைச் செய்துகொள்கிறது. ஐடி சேவையில் அது யூட்டிலைசேஷன்: இருக்கும் மொத்த ஆள் நேரத்தில் எத்தனை சதவீதத்துக்கு வாடிக்கையாளரிடம் பில் போட முடிந்தது. பில் போட முடியாத ஆள் பெஞ்சில் இருக்கிறார். அலுவலகத்தில் பேசுகிற மொழியிலேயே இது தெரியும், "ஜாவா தெரிஞ்ச ரெண்டு ரிசோர்ஸ் அடுத்த வாரம் வேணும்" என்றுதான் கேட்பார்கள், ரெண்டு பேர் வேண்டும் என்று கேட்பது அபூர்வம்.

முன்பு பெஞ்ச் என்பது கம்பெனி தன் செலவில் வைத்திருந்த இருப்பு. புதுப் புராஜெக்ட் திடீரென்று வந்தால் ஆள் கையில் இருக்க வேண்டும், அதனால் பெஞ்ச் ஆழமாக இருப்பதே பெருமையாக இருந்த காலம் உண்டு. 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதி அந்த இருப்புச் செலவை ஆள் பக்கம் திருப்பியது: வருடத்தில் குறைந்தது 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக்கூடாது. புராஜெக்ட் கிடைப்பது ஊழியரின் திறமையை மட்டுமா பொறுத்தது? வாடிக்கையாளர் அமெரிக்காவில் பட்ஜெட்டை நிறுத்திவைத்தால் சோழிங்கநல்லூரில் பெஞ்ச் நிரம்பும். ஆனால் நாள் எண்ணிக்கை ஏறுவது தனி ஆளின் பெயரில்.

பிரமிடு என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. கீழே நிறைய ஃபிரெஷர்கள், மேலே கொஞ்சம் அனுபவசாலிகள், அப்போதுதான் சராசரி ஆள் செலவு கட்டுக்குள் நிற்கும். சாதாரண ஃபிரெஷரின் சம்பளம் வருடக்கணக்காக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதும், பதினைந்து வருட அனுபவம் திடீரென்று சுமையாக மாறுவதும் இந்த ஒரே படத்தின் இரண்டு முனைகள்.

இதர செலவில் இருப்பவர்கள்

ஒரே அசெம்பிளி லைனில், ஒரே போல்ட்டை முடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் கம்பெனி ஆள், இன்னொருவர் கான்ட்ராக்ட். பல தொழிற்சாலைகளில் சட்டை நிறத்தையோ அடையாள அட்டைக் கயிற்றையோ பார்த்தே சொல்லிவிடலாம். முதலாமவர் ஊழியர் செலவில் வருவார். இரண்டாமவருக்காகக் கான்ட்ராக்டர் அனுப்புவது ஒரு பில், அது இதர செலவு. இதனால் கம்பெனிக்குக் காகிதத்தில் என்ன கிடைக்கிறது என்றால்:

1. ஆள் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், ஆகவே ஒரு ஊழியருக்கு இவ்வளவு வருமானம் என்ற கணக்கு அழகாகும்.

2. கிராஜுவிட்டிப் பாக்கி கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் ஏறாது, கான்ட்ராக்டர் தலையில்.

3. ஆர்டர் குறைந்தால் ஆட்குறைப்பு என்ற வார்த்தையே வராது. பில் குறையும்.

இது ஓரத்தில் நடப்பதில்லை. மத்திய அரசின் தொழிற்சாலைகள் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் தொழிலாளரில் ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு அண்மை ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 1970ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் முதல் பொருந்தியது, புதிய தொகுப்பில் அது 50 பேர். நிறுவனத்தின் முக்கியத் தொழிலில் கான்ட்ராக்ட் கூடாது என்று தொகுப்பு சொல்கிறது, விலக்குகளையும் உடனே அடுக்குகிறது. ஒப்பந்த முறையை ஒரு வேலையில் தடை செய்தாலும் அங்கே இருந்தவர்கள் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சொல்லிவிட்டது.

டெலிவரி ஆப்களில் வேலை செய்பவர் இன்னும் ஒரு படி வெளியே. அவருக்குப் பெயர் பார்ட்னர், லாபத்தில் பங்கு மட்டும் இல்லை. புதிய தொகுப்பு அவரை முதன்முறையாகச் சட்டத்தில் வரையறுத்து, நிறுவனம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது, ஆனால் அது அவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது.

நீங்களே பார்ப்பது எப்படி

பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால், ஆண்டறிக்கை இணையத்தில் இலவசம். முதல் நாற்பது பக்கப் படங்களைத் தாண்டிவிடுங்கள்.

1. சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள், 2022-23 முதல் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்று ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும், இது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி. அதில் நிரந்தரம் எத்தனை பேர், நிரந்தரம் அல்லாதவர் எத்தனை பேர், ஆண் பெண் எத்தனை என்று அட்டவணை இருக்கும்.

2. அதே அறிக்கையில் மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மகப்பேறு, குழந்தைக் காப்பக வசதி யாருக்கு எத்தனை சதவீதம் என்று இன்னொரு அட்டவணை. நிரந்தர வரிசையையும் அடுத்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஆண்டறிக்கையிலேயே பிடித்த பக்கம் இதுதான், இங்கே வார்த்தை ஜாலம் பலிக்காது.

3. மூன்று வருடத்துக்கு வேலையை விட்டுப் போனவர் விகிதம் இருக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், சந்தையில் வேலை இல்லாத வருடத்தில் எல்லாக் கம்பெனியிலும் விசுவாசம் கூடும்.

4. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 197ன்படி ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் நடுமட்ட ஊழியர் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று எழுத வேண்டும். நடுமட்டம் என்பது சராசரி இல்லை. எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர். இங்கே ஒரு எச்சரிக்கை: பெரும்பாலும் அந்த வரிசையில் நிறுத்தப்படுவது நிரந்தர ஊழியர்கள் மட்டுமே. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும் கேண்டீனில் தட்டு எடுப்பவரும் அந்த வரிசையில் இல்லை, அவர்களையும் சேர்த்து நிறுத்தினால் நடுவில் நிற்பவரே மாறிவிடுவார்.